நாளைய கட்டத்தில் ஒரு டிக்

தீக்குச்சியின் தலையைக் கிள்ளுவதற்கு நகவெட்டிதான் சரியான கருவி. பிளேடு வைத்தால் குச்சி பிளந்துகொள்ளும். கத்தரிக்கோல் வைத்தால் தலை எகிறிப் போய்ப் பக்கத்தில் இருக்கும் தேநீர்க் கோப்பையில் விழும். நகவெட்டி சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடமும் எங்கள் வீட்டுத் தேநீரில் லேசாக மருந்து வாசனை அடித்தது. என் மனைவி அதையும் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

நீங்கள் கேட்டது இதுவல்ல, தெரியும் பிசியோ அம்மா. நாற்பத்திரண்டு நாளில் எந்தெந்த நாள் அவள் காலுக்கு என்னென்ன பயிற்சி செய்தோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதித் தரச் சொன்னீர்கள். அறுவை செய்த டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றீர்கள். அதற்குப் பதில் ஒரு வரியில் அடங்கிவிடும். ஆனால் ஒரு வரியில் எழுதினால் என்னை அயோக்கியன் என்று நினைத்துவிடுவீர்கள். நீளமாக எழுதினாலும் அப்படித்தான் நினைப்பீர்கள் என்று தோன்றுகிறது. இருந்தாலும் விவரம் தெரிந்து நினைப்பீர்கள்.

நான் எதையும் முடித்த ஆள் இல்லை. எங்கள் வீட்டு அலமாரியில் இடது கதவு நீலம், வலது கதவு வெறும் மரம். நான் செய்த நாற்காலிக்கு ஒரு கைதான் உண்டு. அந்தப் பக்கமாகச் சாய்ந்து உட்கார எல்லோரும் பழகிவிட்டார்கள். என் மனைவியின் தம்பி என்னை ‘அரைகுறை அத்தான்’ என்றுதான் கூப்பிடுவான். முகத்துக்கு நேராகவே.

“அக்கா, கல்யாணத்தை மட்டும் எப்படிக்கா முழுசா முடிச்சாரு?” என்று ஒருமுறை கேட்டான்.

“எங்க முடிச்சாரு? கடைசி போட்டோவுக்கு ஆளையே காணோம்” என்றாள் இவள்.

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டால் வலிக்காது என்பது என் கொள்கை. அது பாதிதான் சரி. என் கொள்கைகளும் என் நாற்காலி மாதிரிதான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காலண்டரில் கலங்கரை விளக்கம் ஒன்றின் படத்தைப் பார்த்து, அதைத் தீக்குச்சியில் கட்டுவது என்று முடிவெடுத்தேன். குச்சிகளை நெருக்கமாக நிற்க வைத்து வட்டமாக ஒட்டினால் ஒரு வளையம். அது காய்ந்த பிறகு அதன் தலையில் அடுத்த வளையம். அப்படி முப்பது வளையம், உச்சியில் ஒரு கைப்பிடி மாடம், அதற்கு மேல் கூம்பாக ஒரு மூடி. மேசையோடு சேர்த்தால் என் உயரம் வரும். ஒவ்வொரு வளையமும் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை மேசை அசையக் கூடாது. இதுதான் சிக்கல்.

எங்கள் வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். கீழே தையல் கடை, மேலே நாங்கள். தளம் முழுக்கப் பழைய மரப்பலகை. என் மனைவியோ பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இருபத்தெட்டு வருடம் மைதானத்தில் விசில் ஊதியவள். குதிகாலை முதலில் ஊன்றி நடப்பாள். அவள் கூடத்தில் நடந்தால் சமையலறையில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கோபுரம் பதினோரு முறை சரிந்திருக்கிறது. பதினோரு முறையும் நான் மேசை இருக்கும் அறையிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்.

“யாரு நடந்தது?”

வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க முடியும்.

“ஐயோ, நான்தாங்க. மறந்துட்டேன்” என்பாள்.

அவள் அதை நம்பினாள். பஞ்சு வைத்த செருப்பு வாங்கினாள். இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு நடந்தாள். பலகையின் ஓரத்தில் ஆட்டம் குறைவு என்று கண்டுபிடித்து, சுவரை ஒட்டியே பல்லி மாதிரிப் போய் வந்தாள். பள்ளியில் ஆயிரம் பிள்ளைகளை நெஞ்சை நிமிர்த்தி நடக்கச் சொன்னவள், சொந்த வீட்டில் திருடி மாதிரி நடந்தாள். ஒருமுறை, பள்ளியில் பந்துகள் போட்டுவைக்கும் அறை சும்மா கிடக்கிறது, சிமெண்டுத் தரை, தலைமையாசிரியையிடம் கேட்டுவிட்டேன், அங்கே வைத்துச் செய்யுங்கள் என்றாள். நான் மாட்டேன் என்றேன். தூரம் என்றேன். உண்மையில் ஏழு நிமிட நடை.

ஏன் மாட்டேன் என்றேன் என்பதை இப்போது சொல்லலாம். சிமெண்டுத் தரையிலும் கோபுரம் விழுந்தால் யாரைக் கேட்பது?

அந்தப் பதினோரு சரிவில் நாலைந்து அவள் நடையால் ஆகியிருக்கலாம். மீதியெல்லாம் என் அவசரம். பசை காயாமல் அடுத்த வளையத்தை ஏற்றுவேன். எனக்கு அது அப்போதே தெரியும். அவளுக்குத் தெரியாது.

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் எனக்குப் பங்கில்லை. நான் அப்போது கடையில் பசை வாங்கிக்கொண்டிருந்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன். இதற்குப் பிறகு வருகிற எதைப் பற்றியும் இப்படிச் சொல்ல முடியாது. இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்துத் தைத்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் குளித்து உடை மாற்ற மட்டும் வீட்டுக்கு வருவேன். வரும்போது பத்து நிமிடம் அந்த அறையில் உட்காருவேன். ஒரு சத்தம் கிடையாது. கீழே தையல் இயந்திரத்தின் முணுமுணுப்பு மட்டும். அந்தப் பதினோரு நாளில் ஏழு வளையம் ஏறியது. ஒன்று கூடச் சாயவில்லை. அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று கோபுரம் பதினைந்தில் நின்றது.

மறுநாள் நீங்கள் வந்தீர்கள். காலைத் தூக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள், மடக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தீர்கள். நாற்பத்திரண்டு கட்டம் போட்ட தாளை அலமாரியின் நீலக் கதவில் ஒட்டினீர்கள். ஒரு நாளுக்கு ஒரு டிக்.

“இந்த ஆறு வாரம்தான்யா முக்கியம். இதுல விட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வராது” என்றீர்கள்.

வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்வதாகவும், ஆறாவது வாரக் கடைசியில் நேரில் வருவதாகவும் சொன்னீர்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அப்போது மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. அதை நீங்கள் நம்பத் தேவையில்லை.

முதல் மூன்று நாளும் ஒழுங்காகச் செய்தோம். அவளுக்கு வலி கண்ணில் தெரிந்தது. ஆனால் பயிற்சி என்றால் அவளுக்குப் புதிதா? மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து கதவு வரை வாக்கரோடு நடந்தாள்.

“ஒண்ணு, ரெண்டு. ஒண்ணு, ரெண்டு. என்னங்க பாக்குறீங்க, விசிலை எடுங்க” என்றாள். நெற்றி முழுக்க வியர்வை, முகம் முழுக்கச் சிரிப்பு.

நானும் விசில் ஊதினேன். வாக்கரின் நாலு காலும் பலகையில் இறங்கும்போது ஒரு இடி விழும். நான் அவளுடைய காலைப் பார்க்கவில்லை. பக்கத்து அறையைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் படுக்க வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். பதினாறாவது வளையம் ஒரு குச்சி அகலத்துக்கு நகர்ந்திருந்தது. விழவில்லை. நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதைச் சரி செய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. பத்தொன்பது வருடமாக, நீ நடக்காமல் இருந்திருந்தால் முடித்திருப்பேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். இப்போது அவள் நடக்கவில்லை. இதைவிட்டால் இன்னொரு வாய்ப்பு வராது. இப்போதும் முடிக்காவிட்டால் நான் பொய்யன் என்று ஆகிவிடும்.

பொய்யன் ஆகாமல் இருப்பதற்காக மறுநாள் காலை அவளிடம் ஒரு பொய் சொன்னேன்.

“பிசியோ அம்மா போன் பண்ணாங்க. எக்ஸ்ரேயை மறுபடி பாத்தாங்களாம். கொஞ்ச நாளைக்கு அசையாம படுத்திருக்கணுமாம்.”

“நேத்து வரைக்கும் நடக்கச் சொன்னாங்களே?”

“நீ ரொம்ப வேகமா நடக்குறியாம் டீச்சர்.”

அவள் சிரித்தாள். “பழக்கம் போகுமா?” என்றாள். பிறகு சரி என்று படுத்துக்கொண்டாள். அவள் ஏன் நம்பினாள் என்று யோசித்துப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கப் பிறரைச் சொன்னபடி கேட்க வைத்தவள். தன் முறை வரும்போது சொன்னபடி கேட்பதுதான் நியாயம் என்று நினைத்திருப்பாள். நான் அவளிடம் பெரிய பொய் எதுவும் அதுவரை சொன்னதில்லை என்பதும் ஒரு காரணம். அந்த நல்ல பெயரை நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

வாக்கரை மடக்கிப் பரண்மேல் வைத்தேன். கண்ணில் பட்டால் கை பரபரக்கும். பிறகு அலமாரிப் பக்கம் போய் நான்காம் நாள் கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். பேனா கையில்தான் இருந்தது. ஐந்தாம் நாளுக்கும் போட்டேன். தினமும் வந்து இந்த வெட்கக்கேட்டைச் செய்வதற்கு ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று தோன்றியது. நாற்பத்திரண்டு வரைக்கும் போட்டுவிட்டேன். வாழ்க்கையில் நான் குறித்த நாளுக்கு முன்பே முழுசாக முடித்த வேலை அது ஒன்றுதான்.

அந்த ஆறு வாரத்தில் நான் அவளைக் கவனித்துக்கொண்ட மாதிரி எப்போதும் கவனித்ததில்லை. தலைவாரிவிட்டேன். வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்தேன். செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசித்துக் காட்டினேன். அவள் தம்பி வந்து பார்த்துவிட்டு, “அத்தான், இந்த ஒரு வேலையையாவது பாதியில விடாம செய்றீங்களே” என்றான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான் பாவம். இதையெல்லாம் என் பக்கத்து நியாயமாகச் சொல்லவில்லை. அவளுக்கு எந்தக் குறையும் தெரியக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன். குறை தெரிந்தால் எழுந்திருப்பாள்.

நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவேன்.

“அம்மா எப்படி இருக்காங்க? எத்தனை அடி நடக்குறாங்க?”

“நாப்பது அடிம்மா. புயல் மாதிரி.”

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?”

“இப்பதான் பயிற்சி முடிச்சு அசந்து தூங்குறா.”

திரும்பி வந்து அவளிடம், “இன்னும் ஒரு வாரம் படுத்திருக்கச் சொல்றாங்க” என்பேன். “அந்தப் பொண்ணுக்கு என்மேல எவ்வளவு அக்கறை பாருங்க” என்பாள் அவள்.

பத்தொன்பதாம் நாள் ஒரு சம்பவம் நடந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. இருபத்துமூன்றாவது வளையத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். என் முழங்கையே இடித்து மேலே இரண்டு வளையம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. யோசிக்காமல் வாய் திறந்துவிட்டது.

“யாரு நடந்தது?”

 பக்கத்து அறையிலிருந்து அவள் குரல் வந்தது.

“நான் இல்லீங்க.”

அவள் குரலில் கேலியே இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. இரண்டு காலும் நீட்டிப் படுத்துக் கிடக்கிறவள், தான் நடக்கவில்லை என்று எனக்கு உறுதி சொல்கிறாள். அப்போதே எழுந்து போய் அவள் காலைப் பிடித்து மடக்கி நீட்ட ஆரம்பித்திருந்தால் இன்னும் மூன்று வாரம் கையில் இருந்தது. நான் உதிர்ந்த குச்சிகளைப் பொறுக்கினேன்.

இருபத்தேழாம் நாள் அவளே எழுந்தாள். படுத்துப் படுத்து அலுத்துவிட்டது போலிருக்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, நாற்காலியைத் தள்ளிக்கொண்டே நாலு அடி வைத்திருக்கிறாள். தளம் அதிர்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் கோபுரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அதிர்வு நிற்கும் வரை அப்படியே நின்றேன். விழுந்துவிடுவாளே என்று ஓடவில்லை. கோபுரம் நிலைத்த பிறகுதான் போனேன்.

அவள் நடு அறையில் நின்றுகொண்டிருந்தாள். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. “பாருங்க, வருது. எனக்கு வருதுங்க” என்றாள். சின்னப் பிள்ளை சைக்கிள் விட்ட மாதிரி முகம்.

நான் கத்தவில்லை. மெதுவாகப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தேன். அன்பாகத்தான் பேசினேன்.

“பிளேட் நகந்தா என்ன ஆகும் தெரியுமா? மறுபடி கிழிக்கணும். ரெண்டாவது தடவை செஞ்சா பாதிப் பேர் எழுந்திருக்கறதே இல்லைன்னு பிசியோ அம்மா சொன்னாங்க. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன்.”

அந்த முகம் எப்படி வெளுத்தது என்று நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் கால் விரலைக் கூட அசைக்கவில்லை. போர்வையை விரித்தால் கூட, “மெதுவா, மெதுவா” என்பாள். நாற்பத்திரண்டு நாளில் நான் செய்ததில் எது மோசம் என்று நீங்கள் கேட்டால், டாக்டர் மூட்டைச் சொல்வார். நான் இதைச் சொல்வேன். இருபத்தெட்டு வருடம் அவள் பயந்து யாரும் பார்த்ததில்லை. எனக்கு அதற்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

நாற்பதாம் நாள் முன்பகல் கோபுரம் முடிந்தது. கூம்பு மூடியை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன். பத்தொன்பது வருடம். மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். ஒரு தபால் பையைக் கட்டி அனுப்பினால் வருமே, அந்த அளவு வந்தது. தபால் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் தினம் இருபது பை கட்டியிருக்கிறேன்.

அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவளால் வர முடியாது. போனில் படம் எடுத்துக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு வளையமாகப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அடேயப்பா. நிஜமாவே முடிச்சிட்டீங்க.”

“முடிச்சிட்டேன்.”

“பாத்தீங்களா, நான் நடக்காம இருந்ததும் முடிஞ்சிடுச்சு. இத்தனை வருஷமும் நான்தான் கெடுத்திருக்கேன். நல்லவேளை விழுந்தேன்.” சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தட்டினாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

மறுநாளே நீங்கள் வந்து நின்றீர்கள். இந்தப் பக்கம் இன்னொரு வீட்டுக்கு வந்ததாகவும், நாளை வருவதற்குப் பதில் இன்றே பார்த்துவிடலாம் என்று நினைத்ததாகவும் சொன்னீர்கள். வாக்கரைக் கேட்டீர்கள். நான் பரணுக்கு ஏணி வைத்து இறக்கினேன். அவள் முழங்காலைப் பிடித்து மடக்கப் பார்த்தீர்கள். இடுப்போடு சேர்ந்து உடம்பே திரும்பியது. காலைத் தரையில் வைக்கச் சொன்னீர்கள். அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “வேண்டாம்மா, பிளேட் நகர்ந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அலமாரிக் கதவைப் பார்த்தீர்கள்.

மாடிப்படியில் இறங்கும்போதுதான் கேட்டீர்கள். “ஐயா, நாளைக்குச் செய்ய வேண்டிய பயிற்சியையும் முடிச்சிட்டீங்களா?”

முப்பத்தோரு வருடம் தபால் பிரிவில் தேதி முத்திரை குத்தியவன் நான். தேதியிலேயே மாட்டிக்கொண்டேன்.  

அவள்முன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்கு நன்றி. மயக்கம் கொடுத்து மூட்டை வளைக்க வேண்டியிருக்கலாம், அப்படியும் பழைய நடை திரும்புமா தெரியாது என்று சொன்னீர்கள். அவளிடம் நானே உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னீர்கள். இன்னும் சொல்லவில்லை. “என் உடம்புதாங்க சொன்ன பேச்சு கேக்கலை, நீங்க பாவம் எவ்வளவு பாத்துக்கிட்டீங்க” என்று நேற்று முழுக்கச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு.

ஆகவே நீங்கள் கேட்ட விவரம்: முதல் மூன்று நாள் எல்லாப் பயிற்சியும் செய்தோம். நான்காம் நாளிலிருந்து நாற்பத்தோராம் நாள் வரை ஒன்றும் செய்யவில்லை. அவள் செய்யத் தயாராக இருந்தாள். நான் விடவில்லை. அவள் நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் விடவில்லை. தாளில் உள்ள டிக் எல்லாம் நான் ஒரே நாளில் போட்டது. டாக்டரிடம் இதை அப்படியே காட்டலாம்.

கோபுரத்தை உடைத்துவிடலாம் என்றுதான் நேற்று அந்த அறைக்குப் போனேன். கையை ஓங்கினேன். ஓங்கிய பிறகு, இதையும் உடைத்துவிட்டால் அவள் பட்டதெல்லாம் எதற்கு என்று ஆகிவிடுமே என்று தோன்றியது. அவளுக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு கை வார்னிஷ் அடித்து வைத்தேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு வந்து அவளை நிற்க வைத்து முதல் அடி எடுத்து வைக்கச் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். வாருங்கள். நான் முழு ஒத்துழைப்பு கொடுக்கிறேன். இனி அவள் நடைதான் எனக்கு முக்கியம். ஒன்றே ஒன்று: வார்னிஷ் ஈரம் உள்ளே இறங்கினால் பசை கொஞ்சம் இளகும், இரண்டு நாள் தளம் அதிராமல் இருந்தால் நல்லது. வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கலாமா?